நோட்டரி முத்திரைக்கு எந்தக் கருவி ஏற்றது: நான்கு வகைகளைப் பற்றிய ஒரு மதிப்பீடு

புதிதாக நியமனம் பெற்று முதல் முத்திரையை வாங்கவிருக்கும் நோட்டரிகளுக்காகவும், அவர்கள் அலுவலகங்களில் அந்த முத்திரைக்கு மை ஊற்றுவது முதல் பூட்டி வைப்பது வரை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் உதவியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பல நாடுகளில் நோட்டரிச் சான்று பெற்ற பவர் பத்திரங்களையும் பிரமாணப் பத்திரங்களையும் வாங்கிச் சரிபார்த்து, மொழிபெயர்ப்புக்கோ, ஓர் ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காகப் பெறும் அப்போஸ்டில் சான்றுக்கோ அனுப்பி வைப்பது என் வேலை. ஒரே காலைப் பொழுதில் கலிபோர்னியாவின் நீள்சதுர முத்திரையும், இந்தியாவின் வட்ட முத்திரையும், லண்டன் நோட்டரி ஒருவரின் சிவப்பு ஒட்டுத்தாள் மேல் புடைத்து நிற்கும் முத்திரையும் என் மேசைக்கு வந்து சேர்வதுண்டு. ஆகவே முத்திரையை நான் பார்ப்பது அதைப் பதிக்கிறவர் பக்கத்திலிருந்து அன்று, பதிந்ததைப் படித்தாக வேண்டியவர் பக்கத்திலிருந்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வேலைக்குத் தானாக மை தொட்டுக்கொள்ளும் முத்திரைதான் சிறந்தது. புடைப்பு முத்திரை எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை மட்டும் நம்பி ஆவணத்தை அனுப்பக் கூடாது.

கருவிக்குள் போவதற்கு முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘ஸ்டாம்ப்’ என்ற ஒரே சொல்லால் நாம் ஒட்டுகிற வில்லையையும் குறிக்கிறோம், குத்துகிற ரப்பரையும் குறிக்கிறோம். “ஸ்டாம்ப் எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்டால், நோட்டரி வில்லை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு “இருக்கிறது” என்று சொல்லிவிடுகிறார்கள், முத்திரை விடுபட்டிருப்பது பிறகுதான் தெரிகிறது. இவை இரண்டும் வேறு வேறு சட்டங்களின் பிள்ளைகள். இந்தியாவில் வில்லை என்பது 1899ஆம் ஆண்டு இந்திய ஸ்டாம்ப் சட்டத்தின்படி அரசுக்குச் செலுத்தும் தீர்வை. ஒட்டிய வில்லையை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதன் மேலோ குறுக்கேயோ பெயரையோ முதலெழுத்துகளையோ தேதியுடன் எழுதியோ, வேறு பயனுள்ள முறையிலோ நீக்கம் செய்யாவிட்டால், அது ஒட்டப்படாததாகவே கருதப்படும் என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரை என்பதோ 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நோட்டரியும் வைத்திருந்து பயன்படுத்த வேண்டிய அடையாளம். நான் இங்கே எழுதுவது இந்த இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

எந்தக் கருவியை வாங்குவது என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை, நியமித்த அரசின் விதி தீர்மானிக்கிறது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு நோட்டரிகள் விதிகள், 5 செ.மீ. விட்டமுள்ள எளிய வட்ட முத்திரையைக் கேட்கின்றன. அதில் நோட்டரியின் பெயர், அவர் பணியாற்ற அனுமதிக்கப்பட்ட பகுதியின் பெயர், பதிவு எண், ‘நோட்டரி’ என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் வட்டமாக இருந்தால் விட்டம் 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது; நீள்சதுரமாக இருந்தால் 1 அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம்தான் உச்ச அளவு; விளிம்பு பல்வரிசை போலவோ நாணயத்தின் ஓரம் போலவோ அமைந்திருக்க வேண்டும். மாநில இலச்சினை, பெயர், கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி), நியமனம் முடியும் தேதி, நோட்டரியின் எண் ஆகியவற்றோடு முத்திரையைச் செய்து கொடுத்தவரின் எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். டெக்சாஸும் அதே அளவுகளையும் அதே பல்விளிம்பையும்தான் சொல்கிறது; ஆனால் அங்கே நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்தாக வேண்டும். ஃபுளோரிடா கறுப்பு மையால் பதியும் ரப்பர் முத்திரையைக் கட்டாயமாக்கி, புடைப்பு முத்திரை கூடுதலாக இருக்கலாம், அதற்கு மாற்றாக இருக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. யூட்டா மாநிலம் ஊதா மையைக் கேட்கிறது. கறுப்பு வெள்ளை நகலில் அந்த ஊதா நிறம் கறுப்பாகவோ சாம்பலாகவோ மாறிவிடுவதால், கையில் இருப்பது மூலமா நகலா என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. இங்கிலாந்தின் வழி வேறு. காண்டர்பரி பேராயரின் ஃபேகல்டி ஆபீஸ் வழியாக நியமனம் பெறும் அந்நாட்டு நோட்டரிகளின் முத்திரைகளில் அவரவர்க்கென அமைந்த சின்னங்களைப் பார்க்கலாம். இரண்டு நோட்டரிகளின் முத்திரைகள் ஒன்றுபோல் இருந்து நான் பார்த்ததில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ‘நகலில் தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்ற நிபந்தனை, கலிபோர்னியா, ஃபுளோரிடா போன்ற இடங்களின் சட்டத்தில் எழுத்து வடிவிலேயே இருக்கிறது. மற்ற இடங்களில் அது எழுதப்படாவிட்டாலும் நடைமுறையில் உண்டு. நோட்டரியின் மூல ஆவணம் ஓர் இடத்தில்தான் இருக்கும். வங்கியும் பதிவு அலுவலகமும் தூதரகமும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படத்தையோ ஜெராக்ஸையோதான் முதலில் பார்க்கின்றன. அந்தப் படத்தில் பதிவு எண்ணின் கடைசி இலக்கம் 3 என்பதா 8 என்பதா என்று தெரியவில்லையென்றால், மூலத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. நான் ஒவ்வொரு கருவியையும் மதிப்பிட்டது இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

நான்கு வகைக் கருவிகளையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுடன் பணியாற்றும் நோட்டரி ஒருவர் உதவினார். அவர் தம் பெயருள்ள முத்திரையை வெற்றுத்தாளில் பதிக்க மறுத்துவிட்டார். அது மிகச் சரி. “என் பெயர் உள்ள முத்திரை வெறும் தாளில் ஒரு தடவை விழுந்தாலும், மேலே யார் என்ன எழுதிக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியாது ஐயா” என்றார். ஆகவே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மாதிரி’ என்றும், எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியங்களும் பொறித்த தகடுகளைச் செய்வித்தோம். சாதாரணத் தாள், தடித்த பத்திரத் தாள், வழவழப்பான தாள் ஆகிய மூன்றிலும் பதித்து, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸுக்கு மறுபடி ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தோம்.

முதலாவது, மரக் கைப்பிடியும் தனி மைப்பெட்டியும் கொண்ட பழைய ரப்பர் முத்திரை. பழகிய கைக்கு இது குழந்தை போல அடங்கும். பழகாத கைக்கு அடங்காது. ஒரு பக்கம் சற்று அழுத்தினால் வட்டத்தின் அரைப்பகுதி திட்டாகவும் மறுபகுதி நிழலாகவும் விழுகிறது. மைப்பெட்டி புதிதாக மை ஊற்றிய நாளில் எழுத்துகள் வீங்கிக்கொள்ளும். காய்ந்துவரும் நாளில் வெளுத்துப்போகும். இதன் பெரிய நன்மை, எந்த அளவிலும் எந்த வடிவத்திலும் செய்துகொள்ளலாம் என்பதும், கெட்டுப்போக இதில் பொறி எதுவும் இல்லை என்பதும். பதிப்பவர் ஒருவரே, பதிப்பது நாளைக்கு நாலைந்து முறை மட்டுமே என்றால் இது போதும். நூறு பக்க ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பதிக்க வேண்டியிருந்தால், ஐம்பதாவது பக்கத்துக்கு மேல் கையின் சோர்வு தாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தானாக மை தொட்டுக்கொள்ளும் வகை. மேலிருந்து அழுத்தினால் உள்ளே மைத்துண்டில் ஒட்டியிருக்கும் தகடு புரண்டு தாளைத் தொட்டு, விட்டதும் திரும்பப் போய் மையில் அமர்ந்துகொள்கிறது. ஆஸ்திரியாவின் ட்ரோடாட், கோலோப் ஆகிய இரு நிறுவனங்களும் இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. ட்ரோடாட்டின் பிரின்ட்டி 4913 மாதிரியின் தகடு 58 மி.மீ. நீளமும் 22 மி.மீ. உயரமும் கொண்டது; ஆகவே கலிபோர்னியாவும் டெக்சாஸும் சொல்லும் 63.5, 25.4 மி.மீ. என்ற வரம்புக்குள் அது சிரமமில்லாமல் அடங்கிவிடுகிறது. இந்திய நோட்டரிகளுக்கு வேண்டியது 50 மி.மீ. வட்டம் என்பதால், கோலோப்பின் ஆர் 50 போன்ற வட்ட மாதிரிகளைத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இத்தகைய வட்ட மாதிரியின் பெயரில் இருக்கும் எண் தகட்டின் அளவு. பதியும் வட்டத்தின் வெளிக்கோட்டை அளக்கும்போது ஓரிரு மில்லிமீட்டர் குறையக்கூடும். கடைக்காரர் அனுப்பும் படத்தை நம்பாமல், பதித்த தாளின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பதிவின் தரத்தில் எங்கள் ஒப்பீட்டில் முதலிடம் பெற்றது இந்த வகைதான். முதல் பதிவுக்கும் இருபதாவது பதிவுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாம் தலைமுறை ஜெராக்ஸிலும் சுழியங்களின் நடுவெளி அடையாமல் இருந்தது. குறை என்று சொன்னால் இரண்டு. வட்ட மாதிரியில் தகடு சிறிது கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு பதிவும் அதே கோணலோடுதான் விழும். கையால் திருத்த வழியில்லை. பெரிய வட்டத்தை அழுத்த நல்ல பலமும் வேண்டும். மூட்டுவலி உள்ள நோட்டரி ஒருவர் இதை இரண்டு கையாலும் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். மைத்துண்டைத் தனியே மாற்றிக்கொள்ள முடிவது பெரிய வசதி. ஆனால் ஒரு நிற மையில் ஊறிய துண்டின் மேல் வேறு நிற மையை ஊற்றக் கூடாது. யூட்டாவைப் போல நிறத்தையே விதியாக வைத்திருக்கும் இடங்களில் அந்தத் தவறு ஆவணத்தையே திருப்பி அனுப்ப வைக்கும்.

மூன்றாவது, மையைத் தனக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கும் வகை. இதில் தகடே நுரைபோன்ற பொருளால் ஆனது. மை அதன் நுண்துளைகள் வழியாகக் கசிந்து தாளுக்கு வருகிறது. கூர்மையில் இதை வெல்ல வேறொன்றும் இல்லை. மாநில இலச்சினையின் மெல்லிய கோடுகள்கூட முடியிழை போல விழுகின்றன. ஆனால் எண்ணெய் கலந்த அந்த மை, வழவழப்பான தாளில் உடனே உலர்வதில்லை. பதித்த கையோடு அடுத்த பக்கத்தைப் புரட்டியதில், எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரு நிழல் முத்திரை விழுந்துவிட்டது. நோட்டரி ஆவணத்தில் தலைகீழாக ஒரு முத்திரை நிழல் இருப்பதைப் பார்க்கும் அதிகாரி என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தனித்தாள் ஆவணங்களைக் கையாள்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தைத்த கட்டுகளைக் கையாள்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவதுதான் புடைப்பு முத்திரை. இரும்பு உடலும் நீண்ட கைப்பிடியும் கொண்டு, பள்ளமும் மேடுமான இரு தகடுகளுக்கு நடுவே தாளை நசுக்கி எழுத்தை எழுப்புகிற அந்தக் கருவியின் மேல் எனக்கு உள்ளபடியே பிரியம் உண்டு. விரல் நுனியால் தடவிப் பார்த்தால் பெயர் உணர்வுக்குத் தட்டுப்படும். மூல ஆவணத்தை ஜெராக்ஸிலிருந்து பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. பக்கங்களை மாற்றிச் செருகுவதைத் தடுக்கவும் இது உதவுகிறது: ஒரு கட்டின் மூலையைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் சில பக்கங்களில் ஒரே புடைப்பு விழும், பின்னர் ஒரு தாள் மாறினால் அது பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை நன்மை இருந்தும் இதைத் துணைக்கருவி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தின் சொத்து விவகாரத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பவர் பத்திரம் வந்தது. நோட்டரியின் கையெழுத்து இருந்தது. புடைப்பு முத்திரையும் அழுத்தமாகவே இருந்தது. ஆனால் அவர்கள் ஓர் அலுவலகத்தின் இணையவாசலில் ஸ்கேன் பிரதியை ஏற்றியபோது, அந்த இடம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. ‘முத்திரை இல்லை’ என்று ஒரு வரிக் குறிப்போடு விண்ணப்பம் திரும்பியது. பெற்றோரில் ஒருவர் மருத்துவமனையில் இருந்த நேரம் அது. மகள் அந்தத் தாளை என் மேசையில் வைத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, “இருக்கிறதே சார், இதோ தெரிகிறதே” என்று திரும்பத் திரும்பக் காட்டினார். இருக்கத்தான் செய்தது, ஸ்கேனருக்குத் தெரியவில்லை. நோட்டரி மறுபடி மை முத்திரையிட்டு அனுப்பும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியவில்லை. புடைப்பின் மேல் கருநிறப் பொடியைத் தடவி எழுத்தைக் கறுக்கச் செய்வதுண்டு. அதற்கென மை உருளைகளும் கிடைக்கின்றன. அவற்றை முயன்று பார்த்தோம். எழுத்து தெரிந்தது உண்மை. ஆனால் பொடி சுற்றிலும் அப்பியதால், அழித்துத் திருத்திய தாள் போன்ற தோற்றம் வந்துவிட்டது.

தகட்டின் வாசகத்தை அமைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 5 செ.மீ. வட்டத்தின் வெளிச்சுற்று ஏறத்தாழ 15.7 செ.மீ. மட்டுமே. அதில் அரசின் பெயரையும் பகுதியின் பெயரையும் நோட்டரியின் பெயரையும் வளைத்து எழுத வேண்டும். நீளமான பெயர்களை ஒரே வளையத்தில் திணித்தால் எழுத்துகள் சிறுத்து, ரப்பரில் மூடிய வடிவமுள்ள எழுத்துகள் எல்லாம் மை அடைத்துக் கரும்புள்ளிகளாகிவிடுகின்றன. இரண்டு வளையங்களாகப் பிரித்து, பதிவு எண்ணை நடுவில் கிடைமட்டமாக, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக வைப்பதே நல்லது. சரிபார்க்கிறவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். அழகுக்காக இலை, கொடி, இரட்டை நட்சத்திரம் எதையும் சேர்க்க வேண்டாம். இந்திய விதி ‘எளிய’ வட்டம் என்று சொல்லியிருப்பதைக் கடைக்காரர்கள் கவனிப்பதே இல்லை. பெயர் நியமனச் சான்றிதழில் உள்ளபடியே, முதலெழுத்துகள் முன்னும் பின்னும் மாறாமல் இருக்க வேண்டும். சான்றிதழில் தந்தை பெயரை விரித்தெழுதிவிட்டு முத்திரையில் ஓரெழுத்தாகச் சுருக்கியிருந்த ஓர் ஆவணத்துக்கு விளக்கக் கடிதம் கேட்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

முத்திரை செய்து தரும் சேவைகளில் நான் பெரிதும் மதிப்பது, ஆர்டர் கொடுக்கும்போது நியமனச் சான்றைக் கேட்பவர்களை. கலிபோர்னியாவில் மாநிலச் செயலர் வழங்கும் அனுமதிச் சான்று இல்லாமல் நோட்டரி முத்திரையைச் செய்து கொடுக்கக் கூடாது. செய்பவரும் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். எல்லா இடங்களிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த ஆதாரமும் கேட்காமல், அனுப்பிய வாசகத்தை அப்படியே தகடாக்கி மறுநாளே தரும் கடை வசதியாகத் தோன்றலாம். அதே வசதி, நோட்டரி அல்லாத ஒருவருக்கும் நம் பெயரில் அதே முத்திரையைக் கொடுத்துவிடும். நானாக இருந்தால் அப்படிப்பட்ட கடையில் வாங்க மாட்டேன்.

பதிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. கையெழுத்தின் மேல் பாதி ஏறும்படி முத்திரை வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அப்படி எழுத்தின் மேலோ கையெழுத்தின் மேலோ விழுந்த முத்திரையால் பதிவு அலுவலகம் ஆவணத்தை மறுத்துவிடக்கூடும். மற்ற இடங்களிலும், கையெழுத்தும் முத்திரையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு இரண்டுமே படிக்க முடியாமல் போனால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அப்போஸ்டில் சான்று உறுதி செய்வது ஆவணத்தின் உள்ளடக்கத்தை அன்று. 1961 அக்டோபர் 5 ஹேக் உடன்படிக்கையின்படி அது கையெழுத்தின் உண்மையையும், கையெழுத்திட்டவரின் தகுதியையும், ஆவணத்திலுள்ள முத்திரையின் அடையாளத்தையுமே உறுதி செய்கிறது. அதாவது, அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் தேடுவதே அந்த வட்டத்தைத்தான். இந்திய நீதிமன்றங்களும் நோட்டரி முத்திரையைத் தாமாகவே கவனத்தில் எடுத்துக்கொள்கின்றன. முந்தைய சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருந்த அந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 52ஆம் பிரிவில் தொடர்கிறது. தனியே நிரூபிக்கத் தேவையில்லாத அளவுக்கு நம்பிக்கை வைக்கப்பட்ட ஒன்றை மங்கலாகப் பதிப்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். பதிவு மங்கினால் அதன் மேலேயே இரண்டாம் முறை குத்தாமல், பக்கத்தில் வெற்றிடத்தில் தெளிவாக மீண்டும் பதியுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நான்கு வகைகளும் ஒன்றுதான்: பூட்டிய இழுப்பறை, ஒரே சாவி, அதுவும் நோட்டரியிடம். கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும், முத்திரைக்கான பணத்தை முதலாளி கொடுத்திருந்தாலும் முத்திரை நோட்டரிக்கே உரியது. வேலையை விட்டுப் போகும்போது அதை அலுவலகத்தில் விட்டுச் செல்லக் கூடாது. எங்கும் பின்பற்ற வேண்டிய நல்ல விதி இது. கைக்கு அடக்கமான தானியங்கி முத்திரை எளிதில் சட்டைப் பைக்குள் போய்விடும் என்பதால், இழுப்பறைக்கு வெளியே அது இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கண்ணெதிரில் இருக்கட்டும். தொலைந்தால் அன்றே நியமித்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

எங்கள் ஒப்பீட்டுக்கு உதவிய நோட்டரி, வாசகம் மாறியதால் தம் பழைய வட்ட முத்திரையை ஒதுக்க வேண்டி வந்தது. கடைசியாக ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு, தகட்டை உடலிலிருந்து பிரித்து, பிளேடால் பெயரின் குறுக்கேயும் எண்ணின் குறுக்கேயும் வெட்டி நான்கு துண்டாக்கினார். துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாமல் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியிட்டு, முத்திரை அழிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, புதிய முத்திரையின் முதல் பதிவுக்காக வெளியே காத்திருந்தவரை உள்ளே அழைத்தார்.